என் வழியில் வந்த நாடு

முகநூலில் ஒருவன் என் மகளைத் துரோகி என்று எழுதியிருந்தான். யாரென்று தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனைப் படத்தை வைத்திருந்தான். இந்த மலேசியச் சோற்றைத் தின்று வளர்ந்துவிட்டு இன்னொரு நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போட்டிக்குப் போகிறாளாம். கீழே ஒரு கூட்டமே ஆமாம் போட்டிருந்தது. அதில் இரண்டு பேர் எங்கள் ஊர் அசாம் ஜாவா பக்கத்து ஆட்கள், எங்கள் வீட்டில் கை நனைத்தவர்கள். நாலு வார்த்தை நறுக்கென்று எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். என் மகள் இந்தியாவிலிருந்தே போன் போட்டு, விடுங்கம்மா, அவனுக்கு என்னா தெரியும்லா என்று தடுத்துவிட்டாள். அவள் விட்டுவிடுவாள். எனக்கு அந்தக் குணம் கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாடு என்ன, இந்தப் புடவை வேண்டாம் அந்தப் புடவையை எடு என்று கடையில் மாற்றுகிற சாமானா? அவள் தேர்ந்தெடுத்தாள் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்கள். எதிலிருந்து தேர்ந்தெடுத்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் மகள் நடைப் போட்டிக்காரி. ஓட்டம் இல்லை, நடை. எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் போகலாம், ஆனால் எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், முன்னால் வைக்கிற காலின் முழங்கால் மடங்கக் கூடாது. வழி நெடுக நடுவர்கள் நின்று காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தப்பு செய்தால் சிவப்பு அட்டை விழும், அட்டை சேர்ந்தால் ஆட்டத்தை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். இடுப்பை ஆட்டி ஆட்டித்தான் அந்த நடை வரும். முதல் தடவை பார்த்தபோது, பொம்பளைப் பிள்ளை இப்படியா ரோட்டில் போவது என்று நானே கத்தியிருக்கிறேன். தோட்டத்துப் பயல்கள் அவள் பின்னாலேயே வாத்து மாதிரி நடந்து காட்டிக் கும்மாளம் போட்டார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். கொஞ்ச தூரத்தில் அவர்களுக்கு மூச்சு வாங்கிவிடும். அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பாள்.

இனி என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாக் கோளாறும் என்னிடமிருந்துதான் தொடங்குகிறது. நான் புதுக்கோட்டைப் பக்கம். என் வீட்டுக்காரரின் பாட்டன் காலத்தில் அவர்கள் குடும்பம் மலாயாத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தது. ஊரில் எங்களோடு இருந்த சொந்தம் மட்டும் அறுந்து போகவில்லை. கடிதமாகவும் பிறகு போனாகவும் ஒட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று என்னை இவருக்குப் பேசினார்கள். அப்பாவோடு விமானத்தில் வந்தேன், சுற்றுலா விசாவில். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார். லயத்து வரிசை வீட்டு ஜனம் மொத்தமும் இலை போட்டுச் சாப்பிட்டது. மேளம் அசாம் ஜாவா சந்தி வரைக்கும் கேட்டது என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

கோயில் கல்யாணம் மட்டும் போதாது, அரசாங்கத்திலும் பதிய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இல்லை. வெளிநாட்டுப் பெண்ணைப் பதிய வேண்டுமென்றால் எனக்கு முன்பு கல்யாணம் ஆகவில்லை என்று ஊரிலிருந்து சான்று வர வேண்டும். அது தாலுகா ஆபீஸ், தூதரகம் என்று ஒவ்வொரு மேசையிலும் தூங்கி எழுந்து வந்து சேர்ந்தபோது எனக்கு ஏழு மாதம்.

இந்த நாட்டில் பதிவுத் திருமணம் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற காரியம் கிடையாது. அதையும் ஒரு கல்யாணமாகவே செய்வார்கள். பட்டுப்புடவை, மாலை, மாமன் மச்சான், கேசரி, போட்டோ எல்லாம் உண்டு. என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், நாள் குறிக்க வந்தவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு முடியவே முடியாது என்றுவிட்டார்.

"வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு ரெண்டாந் தடவ மாலை மாத்தக் கூடாது. புள்ளைக்கு ஆகாது. பொறக்கட்டும், அப்புறம் பதிஞ்சிக்கலாம்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. இவர் அக்கா வளர்த்த பிள்ளை. அக்கா சொன்னால் தலையாட்டுவார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. மாலை இல்லாமல் சும்மா போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மாலை இல்லாத கல்யாணத்தை எங்களுக்கு நினைக்கவே தெரியாது. மகள் பிறந்து அவளுக்குத் தலை நின்று, உட்காரத் தொடங்கிய பிறகு நல்ல நாள் பார்த்துப் பதிந்தோம். அந்தப் போட்டோ இன்னும் சுவரில் தொங்குகிறது. அண்ணி மடியில் உட்கார்ந்து என் மகள் மாலையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தச் சில மாத இடைவெளிதான் அவளை விழுங்கியது. பெற்றவர்களின் கல்யாணம் பதியப்படும் முன்னே பிறந்த பிள்ளைக்குச் சட்டத்தில் அப்பா கிடையாதாம். பிள்ளை அம்மா வழிதான் போகுமாம். அம்மா வெளிநாட்டுக்காரி. ஆகவே கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையின் சூராவில், அதாவது பிறப்புப் பத்திரத்தில், குடிமகள் இல்லை என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

இடைநிலைப் பள்ளியில் ஒரு மலாய் டீச்சர் அவளைப் பிடித்தார். நடைப் போட்டிக்கு ஆள் இல்லாமல் இவளை இழுத்துவிட்டவர், ஒரே வருடத்தில் இவளை விட மாட்டேன் என்று நின்றார். தோட்டத்து மண் சாலையில் லோரிகள் போய்ப் போய்க் குழி விழுந்திருக்கும். அதனால் சனி, ஞாயிறுகளில் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் அவளைச் செகிஞ்சானுக்குக் கொண்டுபோய் விடுவார். அங்கே வயலுக்கு நடுவே வாய்க்கால் ஓரமாகச் சாலை நேராகப் போய்க்கொண்டே இருக்கும். வயலுக்கு வந்த சீனர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு வழி விட்டார்கள், கடைசியில் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். மாவட்டத்தில் ஜெயித்தாள். சிலாங்கூர் மாநிலத்துக்காக நடந்து ஜெயித்தாள். அந்தச் சிவப்பு மஞ்சள் சட்டையைத் துவைத்து நான் வெயிலில் கொடியில் போட்டால், சாயம் வெளுத்துவிடுமென்று நிழலில் மாற்றிப் போடுவாள்.

பிறகுதான் தேசிய முகாமுக்குக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு உன் பெயரைச் சேர்த்திருக்கிறோம், பாஸ்போர்ட் கொண்டு வா என்றார்கள்.

டீச்சர் வீட்டுக்கே வந்தார். வைத்த தேநீரைத் தொடவில்லை. குடிமகளாக இல்லாத பிள்ளையை நாட்டுக்காக அனுப்ப வழியே இல்லை, தான் பேசாத ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு என் மகளின் தலையைத் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது. மகள் மட்டும் சாதாரணமாக, அடுத்த போட்டிக்குப் பாஸ்போர்ட் வாங்கிடலாம் சிகு என்று டீச்சரைத் தேற்றினாள்.

அதற்கு அப்புறம் நாங்கள் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, நாய் படாத பாடு. குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தோம். காத்திருந்தோம். இல்லை என்று வந்தது, காரணம் சொல்லவில்லை. தொகுதி ஒய்பியிடம், அதாவது மக்கள் பிரதிநிதியிடம் போனோம், சிபாரிசு கொடுத்தார், மறுபடியும் விண்ணப்பித்தோம். மறுபடியும் இல்லை. கால் கடுக்க நின்ற ஒவ்வொரு கவுண்டரிலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒருவராவது திட்டியிருந்தால் திருப்பித் திட்டியாவது ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஒரு அதிகாரி, நல்ல பெண், பொறுமையாகக் கேட்டார். ஏன் அப்போதே பதியாமல் பிள்ளை பிறக்கும்வரை இருந்தீர்கள் என்றார். மலாயில் பேசுகிறவர் என் வீட்டுக்காரர். சான்று தாமதமாக வந்தது என்றார். வந்த பிறகு என்று அந்தப் பெண் கேட்டார். நான் தமிழில், மாலையைப் பற்றிச் சொல்லுங்கள், வயிற்றுப் பிள்ளையோடு மாற்றக் கூடாதென்று சொல்லுங்கள் என்று முழங்கையால் இடித்தேன். இவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது. எங்கள் லயத்தில் அது பெரிய காரணம். அந்த அறையில் சொன்னால் ஒன்றுமே இல்லை. மறந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. இந்த நாட்டில் நான் நிரந்தரமாக இருக்கலாம் என்று எனக்குச் சிவப்பு ஐசி என்கிற அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டார்கள். வெளியிலிருந்து வந்தவளுக்கு அட்டை, இங்கேயே பிறந்தவளுக்கு இல்லை. அதை வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு என் மகள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, படத்துல அழகா இருக்கீங்கம்மா என்றாள். எனக்கு அதை எங்கேயாவது வீசி எறியலாமா என்றிருந்தது.

அவளுக்கு இருபத்தொன்று நெருங்கியது. அந்த வயதுக்கு மேல் பிள்ளை என்ற வகையில் கேட்க முடியாது என்றார்கள். அப்போதுதான் ஊரிலிருந்து என் அண்ணன் போன் செய்தான். உன் வயிற்றில் பிறந்த பிள்ளை இந்தியப் பிள்ளைதானே, இங்கே அழைத்து வா, பாஸ்போர்ட் எடுக்கலாம், எனக்குத் தெரிந்த பயிற்சியாளர் அவள் நடந்த நேரத்தைக் கேட்டுவிட்டு உடனே அனுப்பச் சொல்கிறார் என்றான். இந்தியத் தூதரகத்தில் கேட்டோம். என் வழியில் அவளுக்கு உரிமை இருக்கிறது, நாளாகும், ஆனால் கிடைக்கும் என்றார்கள். இத்தனை வருடத்தில் கிடைக்கும் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம்.

டீச்சர் ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பாஸ்போர்ட்டை எடுத்தால் இங்கே கேட்டது அதோடு முடிந்தது. இங்கேயே காத்திருந்தால் ஒரு நாள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்கும்போது கால் இப்படியே இருக்குமா என்று அவரால் சொல்ல முடியாது.

அன்று மாலை அடுப்படியில் நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். மகள் வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. நான் என்னா செய்யட்டும்?"

இருபது வருடமாக எல்லாவற்றுக்கும் வாய் வைத்திருக்கிறவள் நான். பருப்பு வேகவில்லை என்றால்கூட அரை மணி நேரம் பேசுவேன். அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. போ என்று சொன்னால் பிள்ளையை நானே நாட்டை விட்டு அனுப்பியவளாவேன். இரு என்று சொல்ல இங்கே எனக்கு எதுவும் கையில் இல்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் போனாள். அவர், உன் இஷ்டம்மா என்று சொல்லிவிட்டு, தான் வேலைக்கு ஓட்டுகிற லோரியை, ஏற்கனவே கழுவியிருந்தும், இன்னொரு முறை கழுவப் போய்விட்டார்.

அந்தக் கோபம் முழுவதும் அண்ணி மேல் திரும்பியது. அடுத்த நாள் அவர் மீன் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கவில்லை. வாசலில் நிற்க வைத்தே கேட்டுவிட்டேன். உங்கள் மாலையால்தானே என் பிள்ளை இன்றைக்கு நாடில்லாமல் நிற்கிறாள் என்று லயம் கேட்கக் கத்தினேன். அண்ணி பதிலுக்குச் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். நாங்கள் போட்ட சண்டைகள் ஊருக்கே தெரியும். அவர் மீன் பையைக் கீழே வைத்தார்.

"நான் புள்ளைக்கு நல்லதுன்னுதான் சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். அது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் பிள்ளை பெறாதவர், என் மகளை மூன்று வயது வரை இடுப்பிலிருந்து இறக்காதவர். யாரைப் போய் நோவது? நானே குனிந்து மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உட்காருங்கள் அண்ணி என்று சொல்லத்தான் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

முடிவை மகள்தான் எடுத்தாள். "எனக்கு நடக்கணும்மா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பிறந்த நாட்டை விட்டு வெளியே போவதற்கே அவளுக்கு ஒரு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பெட்டி கட்டும்போது சிலாங்கூர் சட்டையை அடியில் மடித்து வைத்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அங்கே போய் அவள் பட்டதை முழுவதும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். முகாம் வடக்கே. இந்தி தெரியாது. சோறு கேட்டால் ரொட்டி கிடைக்கும். என் அண்ணன் வீட்டுக்கு லீவில் போனால், பேச்சைக் கேட்டுச் சின்னப் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். ஒரு தடவை மட்டும் போனில் சொன்னாள்.

"இங்க யாருமே என்னைப் பேர் சொல்லி கூப்பிடமாட்டேங்கிறாங்கம்மா. எல்லாருக்கும் நான் மலேசியாதான்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

இந்த வருடம் அவளை இந்திய அணியில் எடுத்துவிட்டார்கள். போட்டி எங்கே என்று பார்த்தால் கோலாலம்பூரில். அந்தச் செய்திக்குக் கீழேதான் பூனைப் படத்துக்காரன் துரோகி என்று எழுதினான்.

விடிந்தும் விடியாமல் மூன்று பேரும் கிளம்பினோம், நானும் இவரும் அண்ணியும். ஒரு பூங்காவைச் சுற்றிப் பாதை போட்டிருந்தார்கள். அதே வட்டத்தில் திரும்பத் திரும்ப வருவார்கள். நல்ல கூட்டம். வாசலில் குட்டி மலேசியக் கொடிகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வாங்குகிறார்களே என்று அண்ணியும் ஒன்று வாங்கிக்கொண்டார். நான் கவனிக்கவில்லை.

முதல் சுற்றில் அவள் நீலச் சட்டையில் வந்தாள். இளைத்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. அண்ணி கம்பித் தடுப்பில் எக்கிக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கொடியை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்ப் பையன் தன்மையாக, பாட்டி, அவங்க இந்தியா, நம்ம ஆளு பின்னால வராங்க என்று திருத்தினான். அண்ணி கொடியைப் பார்த்தார், போய்க்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"அப்ப நான் எதைத்தான் ஆட்டுறது?" என்று என்னிடம் கேட்டார்.

கொடியைச் சுருட்டிக் கைப்பையில் வைத்தார். அடுத்த சுற்றிலிருந்து கைக்குட்டையை ஆட்டினார். இவர் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் மலேசியா மலேசியா என்று கத்தும்போதெல்லாம், பழக்க தோஷத்தில் என் மகளின் தலை லேசாகத் திரும்பியது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

நான்காவதாக வந்தாள். அவளுக்குப் பின்னால் முடித்த மலேசியப் பெண் முன்பு சிலாங்கூருக்காக இவளோடு சேர்ந்து நடந்தவள். இரண்டும் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டன. அதைப் போட்டோ எடுக்க நாலு பேர் ஓடினார்கள்.

அணிப் பேருந்து கிளம்பும் முன்பு தடுப்புப் பக்கம் நடந்து வந்தாள். வேர்வையோடு அண்ணியைக் கட்டிக்கொண்டாள், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் டப்பாவில் கொண்டுபோயிருந்த சோற்றையும் நண்டுக் குழம்பையும் நின்றபடியே இரண்டு வாய் தின்றாள். ஒரு ராத்திரி வீட்டில் தங்கிவிட்டுப் போயேன், ரூமைக் கூட்டி, விரிப்பெல்லாம் மாற்றி வைத்திருக்கிறேன் என்றேன். முடியாதாம். அணியோடுதான் ஹோட்டலில் இருக்க வேண்டுமாம், நாளைக்கே விமானமாம். என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிக்க வைக்க நினைத்தாளோ என்னவோ, கேளுங்கம்மா என்று ஆரம்பித்தாள்.

"ஏர்போர்ட்ல எத்தன நாளைக்கு வந்திருக்கன்னு கேட்டாங்கம்மா. மலாய்லயே நாலு நாள்னு சொன்னேன். அந்த ஆளு பாஸ்போர்ட்டப் பாக்குறாரு, என் மூஞ்சியப் பாக்குறாரு. எங்க இவ்ளோ நல்லா மலாய் கத்துக்கிட்டன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"கோலசிலாங்கூர்ல பொறந்தேன்னு சொன்னேன். அப்படியா, நல்லதுன்னு சொல்லிட்டு பாஸ்போர்ட்ல சாப் அடிச்சி உட்டுட்டாருலா."

அவள் சிரித்தாள், அண்ணியும் சிரித்தார். யாரோ அவளை மலேசியா என்று கூப்பிட்டார்கள். டப்பாவை என் கையில் திணித்துவிட்டுப் பேருந்தைப் பார்த்து ஓடினாள். ஓடும்போது இரண்டு காலும் தரையை விட்டன. அவள் ஓடி நான் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

பேருந்து மறையும் வரை நின்றேன். அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். அப்பா பக்கத்தில் நிற்க, கல்யாணப் புடவையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நான் இந்த நாட்டுக்குள் நுழைந்தபோது என்னிடமும் எத்தனை நாளைக்கு வந்திருக்கிறாய் என்றுதான் கேட்டார்கள். ஒரு மாதம் என்றேன். நான் இன்னும் இங்கேயேதான் இருக்கிறேன்.